வால்ப்ரோயேட்: கத்திரிக்கோல் வெட்டி எடுத்த எச்சரிக்கை

போன வருசம் ஆடி மாசம் காங்கேயம் போயிருந்தேன். வெளியே கிளம்பும்போது அக்கா என் கையில் இரண்டு காலி மாத்திரை அட்டைகளைத் திணித்தாள். "இதுல ஏழு, அதுல ஏழு வாங்கீட்டு வா சாமி. பேரெல்லாம் சொல்ல வேண்டாம், அட்டையைக் காட்டுனாப் போதும்."

கடைக்காரர் அட்டையைப் பார்த்ததும், "ஃபிட்ஸ் மாத்திரைங்களா?" என்றார், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. உள்ளே போய் ஒரு பெட்டியைத் திறந்து, பத்து மாத்திரை அட்டையில் ஏழை மட்டும் கத்திரிக்கோலால் வெட்டினார். இன்னொரு பெட்டியிலிருந்தும் அதே மாதிரி ஏழு. ஒரு பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது. இன்னொன்றில் காலாவதி தேதி இருந்த முனை கடையிலேயே தங்கிவிட்டது.

மாத்திரை அக்கா மகளுக்கு. சோடியம் வால்ப்ரோயேட், காலையில் 300 மில்லிகிராம், ராத்திரி 500. ஏழு வருசமாகச் சாப்பிடுகிறாள். பி.காம் முடித்துவிட்டு ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் கணக்குப் பார்க்கிறாள். ஆவணியில் நிச்சயம் வைத்திருந்தார்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பேப்பர் கவரைப் பற்றிய விமர்சனம். மருந்தைப் பற்றிய விமர்சனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் டாக்டர் இல்லை. பி.ஈ. படித்து, இருபது வருசமாக சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற ஆள். ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் மூல ஆய்வுக் கட்டுரை வரை தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு யாரும் இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். கர்ப்பமாக இருப்பது தெரியவந்தாலும் அப்படித்தான்: நிறுத்தாமல், அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கரைப்பானாக வந்த மருந்து

வால்ப்ரோயிக் அமிலத்தை 1882-ல் பெவர்லி பர்ட்டன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். அதற்கப்புறம் எண்பது வருசம் அது ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைப்பானாக மட்டுமே இருந்தது. மற்றப் பொருட்களைக் கரைக்க உதவும் எண்ணெய் மாதிரி ஒரு திரவம்.

1962-ல் பிரான்சில் பியர் எய்மார் என்ற ஆராய்ச்சி மாணவர் கெல்லின் என்ற தாவரப் பொருளிலிருந்து செய்த சில சேர்மங்களைச் சோதிக்க விரும்பினார். அவை தண்ணீரில் கரையவில்லை. வால்ப்ரோயிக் அமிலத்தில் கரைத்துக் கொடுத்தார். விலங்குகளில் சோதித்தபோது அத்தனை சேர்மங்களும் வலிப்பைத் தடுத்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்களும்கூட அப்படியே வேலை செய்தன. எங்கள் தொழிலில் எந்த இன்புட் கொடுத்தாலும் டெஸ்ட் பாஸ் ஆனால் டெஸ்ட்டின் மேல்தான் முதல் சந்தேகம் வரும். அங்கேயும் அதுதான் நடந்தது. வேலை செய்தது கரைப்பான்தான் என்று கண்டுபிடித்தார்கள். 1967-ல் பிரான்சில் வலிப்பு மருந்தாக விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1978-ல் வலிப்புக்கும், 1995-ல் மேனியா என்கிற மிகையெழுச்சி நிலைக்கும், 1996-ல் ஒற்றைத் தலைவலி வராமல் தடுப்பதற்கும் அனுமதி கிடைத்தது.

ஒரே மாத்திரை மூன்று வேலை செய்வது எப்படி? மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது, நரம்புச் செல்கள் ஓயாமல் மின்துடிப்பு அனுப்புவதைக் குறைக்கிறது, மரபணுக்கள் இயங்கும் விதத்திலும் கை வைக்கிறது. இந்தக் கடைசி வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளரும் கருவுக்கு இந்த மருந்து ஆகாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

வால்ப்ரோயேட் நல்ல மருந்து. இதை வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. அக்கா மகளுக்கு இருப்பது இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பு. பிளஸ் டூ பரீட்சை நேரத்தில், ராத்திரி கண் விழித்துப் படித்த மறுநாள் காலையில் கையிலிருந்த காப்பி டம்ளர் தானாகத் துள்ளி விழும். 'கை நடுக்கம், பயம்' என்று விட்டுவிட்டார்கள். பத்து நாள் கழித்து வாசலில் கோலம் போடும்போது முழு வலிப்பு வந்து விழுந்தாள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனார்கள், மாத்திரை ஆரம்பித்தார்கள், வலிப்பு நின்றது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை.

இது தற்செயல் இல்லை. பிரிட்டனில் நடந்த சனாட் 2 என்ற பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2021-ல் லேன்செட் இதழில் வந்தது. மூளை முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றும் வலிப்பு வகைகளில் லெவெடிராசெட்டத்தைவிட வால்ப்ரோயேட்தான் நன்றாக வேலை செய்கிறது என்றது அது. ஆக, அவளுக்கு வந்த நோய்க்கு அதைவிட நல்ல மருந்து கிடைப்பது கஷ்டம். ஆனால் பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு, வலிப்பு மருந்துகளிலேயே அதிக ஆபத்தானவற்றில் ஒன்றும் இதுதான். இரண்டும் ஒரே ஆள் மேல் வந்து விழுகின்றன.

தெரிந்தது எப்போது, சொன்னது எப்போது

1982-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் பிறவிக் குறைபாடுகளைக் கண்காணித்த எலிசபெத் ராபர்ட், முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மார்களில் வால்ப்ரோயேட் சாப்பிட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பதைக் கவனித்தார். அது லேன்செட்டில் வெளிவந்தது. அன்றிலிருந்து இன்றுவரை வந்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தித்தான் இருக்கின்றன.

எனக்கு எண்கள் இல்லாமல் தூக்கம் வராது. யுராப் என்பது பல நாடுகள் சேர்ந்து நடத்தும் வலிப்பு-கர்ப்பப் பதிவேடு. 42 நாடுகள், 7,355 கர்ப்பங்கள். 2018-ல் லேன்செட் நியூராலஜியில் வந்த அதன் கணக்கு இது. பெரிய பிறவிக் குறைபாடுகள் லெவெடிராசெட்டம் சாப்பிட்டவர்களில் 2.8 சதவீதம், லாமோட்ரிஜின் 2.9, கார்பமாசெபின் 5.5, வால்ப்ரோயேட் 10.3. வால்ப்ரோயேட்டை அளவு வாரியாகப் பிரித்தால் இன்னும் தெளிவாகும். ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் வரை 6.3 சதவீதம். அதற்கு மேல் 1,450-க்குள் 11.3. அதற்கும் மேலே போனால் 25.2. அக்கா மகளின் 800 மில்லிகிராம் நடு வரிசையில் வருகிறது. ஒன்பது பேரில் ஒருவர்.

உடலில் தெரியும் குறைபாடு பாதிக் கதைதான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த நீட் ஆய்வு, வயிற்றில் இருக்கும்போது வலிப்பு மருந்து பட்ட குழந்தைகளை ஆறு வயது வரை பின்தொடர்ந்தது. 2013-ல் வந்த முடிவின்படி சராசரி அறிவுத்திறன் எண் லாமோட்ரிஜின் பிள்ளைகளுக்கு 108, ஃபெனிட்டாயின் 108, கார்பமாசெபின் 105, வால்ப்ரோயேட் 97. அதே வருசம் டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டிலிருந்து வந்த ஆய்வு, ஆட்டிசம் வகைக் குறைபாடு மற்ற குழந்தைகளில் 1.5 சதவீதம் என்றால் வால்ப்ரோயேட் பட்ட குழந்தைகளில் 4.4 சதவீதம் என்றது. பேச்சு, மொழி, நடை என எல்லா வகை வளர்ச்சிச் சிக்கல்களையும் சேர்த்தால், நூற்றுக்கு 30 முதல் 40 குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம் என்பது ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்கு.

இதில் நேரம் ரொம்ப முக்கியம். குழந்தையின் முதுகுத்தண்டாக மாறும் குழாய், கரு உருவான 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, டெஸ்ட் பண்ணி, நர்ஸ் அம்மாவிடம் பதிந்து பிக்மி எண் வாங்குகிற நேரத்தில் அந்த 28 நாள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அதற்கப்புறம் மகப்பேறு டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்று கேட்பதில் பாதிப் பயன்தான். போலிக் அமில மாத்திரை எல்லாப் பெண்களுக்கும் நல்லது, ஆனால் அது வால்ப்ரோயேட்டின் இந்த ஆபத்தை நீக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக, இந்த எச்சரிக்கைக்கு ஒரு மதிப்பு இருக்கிறதென்றால் அது கர்ப்பத்துக்கு முன்னால், பல மாதங்கள் முன்னால் வந்து சேர வேண்டும்.

வந்து சேர்ந்ததா? இங்கேதான் விமர்சனம் ஆரம்பிக்கிறது, அதுவும் நம் ஊரில் இல்லை, பிரிட்டனில். 1973-ல், அதாவது மருந்து அங்கே விற்பனைக்கு வந்த காலத்திலேயே, கர்ப்பத்தில் ஆபத்து இருக்கலாம் என்பது அந்த நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழுவின் ஆவணங்களில் இருக்கிறது. டாக்டர்களுக்குச் சொல்லலாம், ஆனால் பெட்டிக்குள் வைக்கும் தாளில் போட வேண்டாம், நோயாளிகள் பார்த்துவிடக் கூடாது என்பது அன்றைய முடிவு. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல பத்தாண்டுகள் கழித்து ஆவணக் காப்பகத்தில் இதைத் தேடி எடுத்தார்கள். பயத்தில் பெண்கள் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்று நல்லெண்ணத்தில் செய்ததாகவே இருக்கட்டும். பலன் என்ன? தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டிய ஒரே ஆளுக்கு மட்டும் தெரியாமல் போனது.

பிரான்சில் மரீன் மார்ட்டின் என்ற தாய், தன் இரண்டு குழந்தைகளுக்கும் வந்த குறைபாட்டுக்குக் காரணம் தேடி, 2011-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை தன் வரலாற்றிலேயே முதல் பொது விசாரணையை நடத்தியது, இந்த மருந்துக்காகத்தான். பிரிட்டனில் 2020 ஜூலையில் வந்த கம்பர்லெஜ் அறிக்கை, பெண்கள் சொன்னதை மருத்துவ அமைப்பு காதில் வாங்கவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், தயாரிப்பு நிறுவனமான சனோஃபி தகவல் தரும் கடமையில் தவறியது என்று தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டனின் நோயாளர் பாதுகாப்பு ஆணையர், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதல் கட்டமாக ஒரு லட்சம் பவுண்டு இழப்பீடு தரப் பரிந்துரைத்தார்.

அடி வாங்கியபின் அந்த நாடுகள் செய்த மாற்றங்கள் நம் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்துபவை. பிரான்சில் 2017 முதல் மருந்துப் பெட்டியின் மேலேயே கர்ப்ப எச்சரிக்கைப் படம் வந்தது. பிரிட்டனில் 2018 முதல் கர்ப்பத் தடுப்புத் திட்டம்: சிறப்பு மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து வருசம் ஒரு தடவை ஒரு படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் இன்னொரு விதியும் வந்தது: வால்ப்ரோயேட்டை மருந்துக்கடையில் பிரித்துக் கொடுக்கக் கூடாது, முழுப் பெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும்.

அந்த விதியைப் படித்தபோது எனக்குக் காங்கேயத்துக் கத்திரிக்கோல்தான் ஞாபகம் வந்தது.

நம் பக்கம்

இந்தியாவில் இந்த அறிவு இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் 1998-ல் கேரள வலிப்பு-கர்ப்பப் பதிவேட்டைத் தொடங்கினார். வலிப்புள்ள பெண்களைக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பதிந்து, பிறந்த குழந்தைகளைப் பள்ளி வயது வரை பின்தொடர்ந்து, அறிவுத்திறனும் மொழித்திறனும் அளந்தார்கள். வால்ப்ரோயேட் பற்றிய ஐரோப்பியக் கவலைகள் நம் தாய்மார்களிலும் உண்மை என்பது அங்கே தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளா. காங்கேயத்திலிருந்து காரில் மூணு மணி நேரத்துக்குள் அந்த எல்லைக்குப் போய்விடலாம். அந்தத் தகவல் மட்டும் மூணு மணி நேரத்தில் இங்கே வரவில்லை.

அடுத்த நாள் நான் அதே கடையில் முழுப் பெட்டியைக் கேட்டு வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. விரித்தால் ஒரு முழம். எழுத்து எள்ளைவிடச் சின்னது. முழுக்க ஆங்கிலம். முதல் வரியே, இது பதிவுபெற்ற மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் ஆய்வகத்துக்கும் மட்டும் என்றது. அதாவது, மாத்திரையை முழுங்குகிறவருக்கு அல்ல. கர்ப்பம் பற்றி உள்ளே விவரமாகவே எழுதியிருந்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஈரல் பாதிப்பு, கணைய அழற்சி, முடி கொட்டுதல், எடை கூடுதல் என்ற நீண்ட பட்டியலுக்கு நடுவில் அதே எழுத்தளவில் இருந்தது. முடி கொட்டுவதும் முதுகுத்தண்டு மூடாததும் ஒரே தடிமனில் அச்சானால் அதை எச்சரிக்கை என்று சொல்ல முடியுமா? எங்கள் தொழிலில் இதை லாகு என்போம். எல்லாம் பதிவாகியிருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். வழக்கு வந்தால் 'எழுதியிருந்தோமே' என்று காட்டலாம்.

2023 ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்து பிராண்டுகளில் கியூஆர் கோடு கட்டாயம். நல்ல விஷயம்தான், போலி மருந்தைப் பிடிக்கக் கொண்டுவந்தது. அதைத் தட்டினால் என்ன வர வேண்டும் என்று விதி சொல்கிறது: மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண். பாட்டிகூட போனில் பணம் அனுப்பும் ஊர் இது. அந்தக் கோடு ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தைத் திறக்கும்படி செய்ய ஒரு வார வேலைகூட ஆகாது. தொழில்நுட்பம் தடையே இல்லை. நோயாளிக்கும் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தமிழில் எழுதுகிற நம்மையும் சேர்த்தே சொல்கிறேன். வலிப்பு பற்றி நான் தேடிப் படித்த தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் ஆரம்பித்து ஒரே இடத்தில் முடிகின்றன. 'இரும்பு கொடுக்காதீர்கள், பேய் இல்லை, காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.' சரிதான், தேவையும்தான். ஆனால் 'எந்த மருந்து, யாருக்கு' என்ற அடுத்த கேள்விக்கு ஒருத்தரும் போவதில்லை. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பேசுவது சுலபம், ஏனென்றால் அதில் தப்பு செய்பவர் எப்போதும் நோயாளியின் பாட்டியாகத்தான் இருப்பார்.

டெட்லாக்

அப்போது ஏன் யாரும் அவளிடம் சொல்லவில்லை? கோபத்தோடுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நானும் கூடப் போனேன். பதில் எதிர்பார்த்ததைவிடச் சாதாரணமாக இருந்தது. "கல்யாணப் பேச்சு வரும்போது மாத்தலாம்னு இருந்தேன். வருசா வருசம் வர்றாங்க, கல்யாணம்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார் டாக்டர். அக்காவைக் கேட்டால், "கல்யாணம்னு சொன்னா எங்கியாச்சும் வெளிய தெரிஞ்சு போயிருமோன்னு பயந்துட்டேன். ஏதாச்சும் இருந்தா டாக்டரே சொல்லுவாருன்னு இருந்தோம்" என்கிறாள். இவர் அவர் சொல்லக் காத்திருக்கிறார், அவர் இவர் சொல்லக் காத்திருக்கிறார். சொல்லியிருக்க வேண்டிய மூன்றாவது ஆள் அந்தப் பெட்டி. அது கடையிலேயே நின்றுவிட்டது. சாப்ட்வேரில் இதற்குப் பெயர் டெட்லாக். யாரும் தப்பு செய்யாமலேயே எல்லாம் உறைந்து நிற்கும்.

அக்காவின் பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. அதற்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. 1976-ல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், தொடர்ந்து வரும் மனநோயோடு வலிப்பையும் சேர்த்து, திருமணத்துக்குத் தடையான நிபந்தனையாக வைத்தது. அதைக் காட்டித் திருமணத்தையே செல்லாததாக்கக் கேட்கலாம். 1999-ல்தான் நாடாளுமன்றம் வலிப்பு என்ற சொல்லை அதிலிருந்து எடுத்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் எடுத்தார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது அதற்கு முன்னால். அவள் தலைமுறைக்கு 'வலிப்புன்னா கல்யாணம் நிக்காது' என்பது பேச்சுவழக்கு மட்டும் இல்லை, சட்டமாகவே இருந்தது. சட்டத்தில் அந்தச் சொல் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பார்க்கிற வீட்டில், மாத்திரை அட்டை இன்னும் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

இந்த ஒளித்து வைத்தல்தான் வால்ப்ரோயேட்டை இன்னும் ஆபத்தாக்குகிறது. கல்யாணத்துக்குப் பின் மாமியார் வீட்டில் ரகசியமாகச் சாப்பிடுகிற பெண் இரண்டு வழியில் மாட்டுவாள். வேளை தவறி வலிப்பு வரும், இல்லாவிட்டால் தவறாமல் சாப்பிட்டு, யாருக்கும் தெரியாமலே அந்த 28 நாள் கடந்துவிடும்.

மறுபக்க வாதங்கள்

இவ்வளவு பேசிவிட்டு எதிர்வாதத்தைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது.

முதல் வாதம்: அரசு ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்தில் நூறு பேரைப் பார்க்கும் டாக்டர் எங்கே போய் விளக்குவார்? நியாயம். அதனால்தான் பெட்டி பேச வேண்டும் என்கிறேன். டாக்டரின் இரண்டு நிமிடத்தை நம்பி இந்த எச்சரிக்கையை விடக் கூடாது.

இரண்டாவது: வால்ப்ரோயேட் விலை குறைவு, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது, அதைப் பிடுங்கினால் ஏழைகள்தான் கஷ்டப்படுவார்கள். இதுவும் நியாயம். யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது அவசியமா என்று கேட்கலாம். வேலூர் மாவட்டத்தில் சி.எம்.சி. ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கிருந்த வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழு நீர்க்கட்டி. இந்த மாதிரி மூளையின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் வலிப்புகளுக்கு வால்ப்ரோயேட் முதல் தேர்வு இல்லை, வேறு மருந்துகள் இருக்கின்றன. ஒற்றைத் தலைவலிக்கோ புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின் என்று பழைய, விலை குறைந்த மாற்றுகள் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காகக் கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013-லேயே சொல்லிவிட்டது. இளம்பெண்ணுக்குத் தலைவலி என்றதும் வால்ப்ரோயேட் எழுதுவதற்கு நான் படித்த எதிலும் நல்ல காரணம் கிடைக்கவில்லை.

மூன்றாவது வாதம்தான் எனக்கே கொஞ்சம் இடிக்கிறது: எச்சரிக்கை மிதமிஞ்சிப் போனால்? உலக சுகாதார நிறுவனம் 2023-ல், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட் எழுதவே கூடாது என்றது. பிரிட்டன் 2024 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே போய், 55 வயதுக்குக் கீழே ஆணோ பெண்ணோ யாருக்கும் புதிதாக ஆரம்பிக்க இரண்டு நிபுணர்கள் சம்மதிக்க வேண்டும் என்றது. ஆண்களைச் சேர்த்ததற்குப் பின்னால் இருப்பது, தந்தை வால்ப்ரோயேட் சாப்பிட்டால் குழந்தைகளுக்கு வளர்ச்சிச் சிக்கல் நூற்றுக்கு 3 என்பதிலிருந்து 5 ஆகலாம் என்ற நார்டிக் நாடுகளின் ஆய்வு. தாய் பக்கத்து ஆதாரத்தின் பலம் அதற்கு இல்லை. ஐரோப்பிய முகமையே முன்னெச்சரிக்கை என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொண்டது. நம் ஊரில் எத்தனை தாலுகாவில் ஒரு நரம்பியல் நிபுணராவது இருக்கிறார், இரண்டு கையெழுத்துக்கு எங்கே போவது? வேறு எந்த மருந்துக்கும் வலிப்பு அடங்காத பெண்கள் இருக்கிறார்கள். வலிப்பில் கிணற்றடியிலோ அடுப்படியிலோ விழுவதும் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்துதான். அப்படிப்பட்டவர், எல்லாம் தெரிந்து, அளவைக் குறைத்து, வால்ப்ரோயேட்டிலேயே தொடர முடிவு செய்தால் அது அவருடைய உரிமை.

அதனால் தடைகளை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. 1973-ல் பிரிட்டிஷ் குழு நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று முடிவு செய்தது, 2024-ல் நோயாளி முடிவெடுக்க வேண்டாம் என்பதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டிலும் அந்தப் பெண்ணின் பங்கு குறைவுதான். நடுவில் சாதாரண வழி ஒன்று உண்டு: அவளுக்குப் புரிகிற மொழியில், அவள் கைக்கு வந்து சேர்கிற ஒரு தாளில், நேரத்தோடு சொல்லிவிடுவது. பெட்டியின் மேலே ஒரு படம். அட்டையின் பின்பக்கம், எங்கே வெட்டினாலும் மிஞ்சும்படி ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும், தமிழில் ஒரு வரி. 'கர்ப்பம் தரிக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். தானாக நிறுத்தாதீர்கள்.' இவ்வளவுதான் என் கோரிக்கை.

அதுவரைக்கும், வீட்டில் யாராவது பெண் இந்த மருந்து சாப்பிட்டால் டாக்டரிடம் நீங்களே வாய் திறந்து கேட்க வேண்டியவை: எனக்கு வந்திருப்பது எந்த வகை வலிப்பு? எனக்கு வேறு மருந்து ஒத்துவருமா? மாற்றுவதென்றால் எத்தனை மாதம் ஆகும், அதுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட என்ன செய்வது? மாற்ற முடியாதென்றால் குறைந்தபட்ச அளவு எவ்வளவு? கல்யாணம் நிச்சயமாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

அக்கா மகளுக்கு இதையெல்லாம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து தமிழில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள். "ஏழு வருசமா நாந்தானுங்க மாமா முழுங்கறேன், எனக்கு மட்டும் தெரியலையே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நிச்சயம் தைக்குத் தள்ளிப் போனது. லெவெடிராசெட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வால்ப்ரோயேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார் டாக்டர். நடுவில் ஒரு நாள் காலையில் டம்ளர் மறுபடியும் கையிலிருந்து துள்ளி விழுந்தது. வீடே பயந்துவிட்டது. அளவைச் சரி செய்தார்கள், தூக்கத்தில் கண்டிப்பு வைத்தார்கள். மாற்று மருந்து முன்னதுபோல் முழுசாகக் கேட்குமா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அந்த ஆபத்தையும் சேர்த்துத் தெரிந்துதான் அவள் சம்மதித்தாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்பீர்கள். அது அவள் விஷயம், அவளே முடிவெடுத்துச் செய்தாள்.

இப்போது மாத்திரை வாங்க அவளே கடைக்குப் போகிறாள். வெட்டாமல் முழு அட்டையாகக் கேட்கிறாள். "ஒரு வாரத்துக்குத்தானுங் அம்மிணி, எதுக்கு முழுசா?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

"படிச்சுப் பாக்கறதுக்குங்க" என்றாளாம்.